மேல்வீட்டுக்காரரின் கல்

கட்டட வேலையில் கிரேன் ஓட்டும் அவரை எல்லோரும் 'மேல்வீட்டுக்காரர்' என்பார்கள். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பார். எல்லா மாடிகளுக்கும் மேலே, உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. காற்று அதை ஆட்டுகிற ஆட்டத்தில் நமக்கெல்லாம் குலை நடுங்கிவிடும். அவருக்கோ அது தொட்டில்.

அந்த மனிதர்தான் இன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில், சக்கரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, யாரோ தும்மியதற்கெல்லாம் திடுக்கிட்டார். பயப்படாமல் என்ன செய்வார்? இடது சிறுநீரகம் பழைய கல் ஒன்று அடைத்து, கவனிக்காமல் விட்டதில் எப்போதோ சுருங்கிவிட்டது. உடம்பு வலது ஒன்றை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதிலேயே கல். குப்புறப் போட்டு, முதுகில் துளையிட்டு, குழாய் விட்டு உடைத்து எடுப்பார்களாம்.

"பெரும்பாலும் நல்லபடியா முடியும். ஆனா இதுக்கும் ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் டயாலிசிஸ்தான்" என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லில்தான் அவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் மனைவி நின்றாள். "எல்லாம் என் தப்புதாங்க. நான் குடுத்தனுப்புற தண்ணியிலதான் ஏதோ இருக்கு. ரெண்டு பாட்டிலையும் ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டு வர்றீங்க. அப்புறமும் கல்லுன்னா வேற என்ன?"

போன கல்லுக்குப் பிறகு அவள் செய்யாத வைத்தியமில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், வடிகட்டி வாங்கினாள், தக்காளியை வீட்டுப் பக்கமே சேர்க்கவில்லை.

அவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் இந்தப் புண்ணியவான். தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்குப் போக இறங்க வேண்டும். அவர் இறங்கினால் கீழே கம்பி கட்டுகிறவர், கான்கிரீட் கொட்டுகிறவர் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், மேஸ்திரி கத்துவார். அதனால் மேலே போனதும் அவர் வாயைக் கட்டிவிடுவார். அவள் ஆற்றி வடிகட்டித் தந்த தண்ணீரில் கூண்டின் கண்ணாடியைத் துடைத்தார். காலி பாட்டிலைப் பார்த்து அவள் பூரித்துப்போவாள். அவரும் கமுக்கமாக இருந்துவிடுவார்.

ஊழியர் கட்டிலைத் தள்ளத் தொடங்கினார். இப்போது சொல்லாவிட்டால் ஒருவேளை எப்போதுமே சொல்ல முடியாது.

"இங்க பாரு, தண்ணி மேல பழி போடாத. நான் குடிக்கவே இல்ல."

"என்னது?"

"இறங்கி ஏறணுமேன்னு... அதுல கண்ணாடி தொடைச்சேன்."

அவள் வாய் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. மயக்க மருந்து ஏறும்வரை அவள் முகமே கண்ணில் நின்றது. இனி கண் விழிப்போமா, விழித்தாலும் அவள் பேசுவாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விழித்தபோது தொண்டை வறண்டு கிடந்தது. "சிஸ்டர்... கிட்னி?"

நர்ஸ் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைக் காட்டினார். குழாய் வழியே இளஞ்சிவப்பாகச் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. "நல்லா வேலை செய்யுதுங்க. கல்லையும் எடுத்தாச்சு."

பிறகு மனைவி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. வரப்போகும் வசவுக்குத் தயாராக அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீங்க உள்ள போனதும், உங்களை என்னென்ன சொல்லித் திட்டலாம்னு யோசிக்க உட்கார்ந்தேன்" என்றாள். "ஆளு திரும்பி வந்தாப் போதும்ங்கறதைத் தவிர வேற எதுவுமே தோணலைங்க."