அப்பாவின் எடை

ஐம்பதை நெருங்கும் வாத்தியார் ஒருவர் இரும்பு தூக்கக் கிளம்பினால் ஊர் இரண்டு காரணங்களைத்தான் யோசிக்கும். ஒன்று டாக்டர், மற்றது எழுதக்கூடாதது. என்னுடைய காரணம் அப்பா.

அக்கரப்பத்தனைப் பக்கம், மலை உச்சியை ஒட்டிய தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தார். முழங்கால் போனபிறகு படி இறங்கவில்லை. கீழே ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பேப்பர் படித்து, அரசாங்கத்தைத் திட்ட வேண்டும். மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்று லயத்தில் சொல்லிப் பார்த்தார்கள்.

"நாலு பேரு தூக்குற நாளு தானா வரும். அதுவரைக்கும் ஒத்த ஆளு முதுகுல தூக்கிட்டுப் போனா வர்றேன்" என்றவர், என்னைப் பார்த்தார். என் தொந்தியையும் பார்த்தார். "புஸ்தகம் தூக்குற முதுகு. பாவம், விட்ரு."

அந்தப் 'பாவம்'தான் என்னை ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடி ஜிம்முக்கு அனுப்பியது. கடை முதலாளியான முஸ்லிம் நண்பர்தான் அங்கே மாஸ்டரும். எடைத்தட்டு மாட்டாத வெறும் இரும்பு ராட்டைக் கையில் கொடுத்தார்.

"கொஞ்ச நாளைக்கு இதுதான் சேர். முதுகு நேரா இருக்கணும். அவசரப்படாதீங்க."

"தட்டு?"

"தட்டு எங்கயும் ஓடிராது சேர்."

பொறுமையின் பெருமை பற்றிக் கட்டுரை கேட்டால் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவன் நான். ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்குள் அப்பாவை இறக்கிவிடுவதென்று மனதுக்குள் கெடு வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் பள்ளிவாசலுக்குப் போன நேரம், அப்பாவின் எடை வரும்வரை தட்டுகளை மாட்டினேன். ராட் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது. பிறகு நான் எழும்பவில்லை.

முதுகு பிடித்து, டவுன் வீட்டுப் படுக்கையில் கிடந்தபடி அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"நீ மேல வரமுடியாது, நான் கீழ வரமுடியாது. நல்ல சோடிடா" என்று சிரித்தார். "ஆறட்டும். திருவிழா முடிஞ்சே போவோம்."

திருவிழாவுக்கு முன்பே, தூக்கத்தில் போய்விட்டார்.

நாலு பேர் தூக்கினார்கள். மாஸ்டரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மூத்த மகன் பெட்டியைத் தூக்குவது எங்களில் வழக்கமில்லை. கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடக்க வேண்டும். வெறும் ராட்டைவிட அது எவ்வளவோ இலேசு. மழையில் ஊறிய படிகளில், "மெதுவா சேர், மெதுவா" என்று பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வந்துகொண்டே இருந்தது.

ரோட்டுக்கு வந்ததும் தோள் மாற்ற வேண்டியிருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் வாங்கை இழுத்துவந்து போட்டார். பெட்டியை அதன்மேல் இறக்கினார்கள்.

நான் சட்டியோடு பக்கத்தில் நின்றேன். முதுகை நேராக வைக்கப் பார்த்தேன். வரவில்லை.