கொரிய வகுப்பில் ஒரு திடீர் அப்பா

கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அந்த மொழியைப் படிப்பிப்பது, நீந்தத் தெரியாதவனைக் கரையில் நிறுத்திக் கை வீசப் பழக்குகிற தொழில். வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்து ஊரில் வகுப்பு நடத்தும் சக தோழர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். பெரியகல்லாற்றிலிருந்து போய் ஐந்து வருடம் அங்கே சிப்பிப் பண்ணையில் வேலைக்கு நின்றவன் நான். இப்போது ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில், ஞாயிறு காலைகளில் வகுப்பு.

போகும்போது என் மகள் ஆறு மாதக் குழந்தை. திரும்பி வந்து நாலு மாதமாகியும் அவள் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நான் வெளியே போய் வீடியோ கோல் எடுத்தால், பழையபடி "அப்பா, அப்பா" என்று வாய் ஓயாமல் கதைப்பாள். ஆகவே மகளோடு கதைக்க ஆசை வந்தால் வாவிக்கரைக்குப் போய் நின்று வீட்டுக்குக் கோல் எடுப்பேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப்பேர் இதைச் செய்திருப்பீர்கள்.

ஏச்சு விளங்கியது

கேட்டல் பயிற்சிக்காக ஒரு கொரியப் படத்தைப் போட்டேன். குடும்பப் படம், நல்ல சிரிப்பு. தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டி நாடே கொண்டாடும் ஒருவன், தனிக்கட்டை. ஒருநாள் ஒரு சிறுமி அவன் வீட்டுக் கதவைத் தட்டி, நீங்கள்தான் என் அப்பா என்கிறாள். அவனுக்குத் தலை சுற்றுகிறது.

எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதெல்லாம் சுத்தியல், கையுறை, மெசினுக்குள் கை போடாதே. அதனால் முதல் கால்மணி நேரம் வகுப்பில் ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை. பிறகு நாயகனின் தொலைக்காட்சி நிலைய முதலாளி வந்து, ஏன் பிந்தினாய், கெதியாக வா, ஒழுங்காகச் செய் என்று கத்தத் தொடங்கினார். பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. நான் அசந்துபோய் நிற்க, காத்தான்குடி உடுப்புக்கடையில் வேலை செய்த நளீம் பெருமையோடு எழும்பினான்.

"சேர், ஏச்சு மட்டும் ஒண்டும் விடாம விளங்குது. அப்ப நாங்க போகலாம்தானே?"

வாசலில் இரண்டு சோடி

கொரியர்களும் நம்மைப் போலத்தான், காலில் கிடப்பதை வாசலில் கழற்றிவிட்டே வீட்டுக்குள் போவார்கள். படத்தில் அந்தச் சமையல் நட்சத்திரம் "போ, போ" என்று விரட்டிக்கொண்டு நிற்கிறான். சிறுமி வாசலில் குந்தி, தன் சப்பாத்தைக் கழற்றி, அவனுடைய பெரிய சப்பாத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாள். வசனமே இல்லை. அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வசனங்களைத் தமிழில் சொல்வதிலேயே குறியாக இருந்ததால் இது கண்ணில் பட்டதே இல்லை.

சித்தாண்டியில் வயல் செய்கிற தவராசா அண்ணன் வகுப்பில் வயதில் மூத்தவர், பாடத்தில் கடைசி. அவர்தான் மெல்லச் சொன்னார்.

"செருப்பக் கழட்டிச் சோடியா வெச்சிட்டாளே சேர், இனி அந்தப் புள்ள போகமாட்டா."

நளீமின் வாப்பா

அடுத்த ஞாயிறு, படத்தில் நட்சத்திரம், இவள் என் பிள்ளைதானா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை கேட்டான். வகுப்பே அவன்மேல் கோபப்பட்டது. எப்போதும் பகிடி விடுகிற நளீம் மட்டும் அன்று பகிடியும் விடவில்லை, கோபமும் படவில்லை. பிளேன்டீ குடிக்கும்போது என்னிடம் வந்து சொன்னான்: கட்டாரிலிருந்து அவனுடைய வாப்பா முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஏழு வயது. வாசலில் நின்றவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, உள்ளே ஓடி, "உம்மா, ஆரோ ஆள் வந்திருக்கு" என்றானாம்.

"அதுக்கு மறுகா எப்ப அவர நேர நிண்டு வாப்பா எண்டு கூப்பிட்டாய்?" என்று கேட்டேன். எனக்குப் பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. அவன் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே யோசித்தான்.

"நான் கூப்பிட முன்னமே அவருக்கு லீவு முடிஞ்சிட்டு சேர்."

கடைசி வாங்கிலிருந்து ஒரு கோல்

படத்தின் கடைசிப் பகுதியைப் போட்ட அன்று மனைவிக்கு ஒரு கலியாண வீட்டில் வேலை. மகளையும், அவள் அழுதால் சமாளிக்கத் தன்னுடைய ஃபோனையும் வகுப்பில் விட்டுவிட்டுப் போனாள். மகள் என்னைக் கடந்து போய், கடைசி வாங்கில் தவராசா அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

படத்தில் இப்போது தொலைக்காட்சிக் கமரா இல்லை, கைதட்ட ஆளில்லை. அந்தப் பெரிய சமையல்காரன் ஒரு முட்டை பொரித்துச் சிறுமிக்குக் கொடுக்கிறான். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு அழுகிறாள். அப்போது என் ஃபோன் அடித்தது. மனைவியின் பெயர். அவள் ஃபோனை மகளிடம் விட்டுப்போனதை மறந்து, பதறிப்போய் எடுத்தால் திரையில் என் மகள்!

"அப்பா, அந்தப் புள்ள ஏன் அழுகுது? முட்ட ருசியில்லையா?"

பதினெட்டுத் தலைகளும் திரும்பின. ஒருவரும் சிரிக்கவில்லை. "ருசிதான் மகள். ஊருக்கெல்லாம் சமைச்சவர், இண்டைக்கு அவளுக்கு மட்டும் சமைச்சிருக்கார். அதான் அழுகுறா" என்று ஃபோனுக்குள் சொன்னேன். சொல்லிக்கொண்டே கால் தானாகப் பின்பக்கம் நடந்தது.

"மறுகா அவர் திரும்ப டீவிக்குள்ள போயிருவாரா?"

சிப்பிப் பண்ணை முதலாளி ஒருநாளும் என்னிடம் இவ்வளவு கஷ்டமான கேள்வி கேட்டதில்லை. "வேலைக்குப் போவார் மகள். பின்னேரம் வீட்ட வந்திருவார்" என்றபோது நான் அந்த வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஃபோன் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஃபோனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"சார்ஜ் முடியப்போகுது அப்பா. நேர சொல்லுங்க."

அந்த வகுப்பில் எத்தனை பேர் கொரியாவுக்குப் போனார்கள் என்பது வேறு கதை. முதலில் சித்தியடைந்தவர், கேட்டல் பயிற்சியில் அதுவரை மிகவும் பின்தங்கியிருந்த வாத்தியார்தான்.