கடலுக்குள் போட்ட காது

பேராவூரணியிலிருந்து கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, தென்னந்தோப்புகளைத் தாண்டி நடந்தால் நான் இரண்டு வருஷம் குடியிருந்த அறை வரும். ஒரு பக்கம் வலை பழுது பார்க்கும் கொட்டகை, இன்னொரு பக்கம் ஐஸ் உடைக்கும் இடம். என் வேலை கடற்பன்றிகள் நடமாட்டத்தைக் கவனிப்பது. பன்றி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஓங்கில், அதாவது டால்பின் மாதிரிதான், அதைவிடச் சின்னது. முதுகில் துடுப்பு கிடையாது, மூக்கு மழுங்கியிருக்கும், மகா கூச்சக்காரப் பிராணி. இரண்டு பக்கமும் நிலம் வளைத்துக்கொண்ட எங்கள் ஆழமில்லாத கடலில் அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். காதால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அதற்காக ஆபீசில் கைநீளத்துக்கு வெள்ளைக் குழாய்கள் மூன்று கொடுத்திருந்தார்கள். உள்ளே மைக், பேட்டரி, மெமரி கார்டு. மணல்மூட்டை கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டு, இருபது நாளைக்கு ஒருமுறை தூக்கி கார்டை மாற்றிக்கொண்டு வருவேன். கடற்பன்றி எழுப்பும் சத்தம் மனுஷக் காதுக்கு எட்டாது. கம்ப்யூட்டரில் மெதுவாக்கி ஓட்டினால் பையின் ஜிப்பை விறுக்கென்று இழுத்த மாதிரி கேட்கும். படகு இன்ஜின் சத்தம் மட்டும் உள்ளது உள்ளபடி கேட்கும். ஊரில் அந்தக் குழாய்க்கு வைத்த பெயர் ‘காது’. “காதத் தூக்கப் போறீங்களா மேடம்?” என்பார்கள்.

என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனவர் நண்டு வலை போடும் ஒரு அண்ணன். அவருடைய பைபர் படகின் இன்ஜின் கொஞ்சம் இருமும். நாலு அடி ஒழுங்காக அடித்துவிட்டு ஐந்தாவதில் தடுக்கும். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். ஒருநாள் அக்கா என் அறைக்கு வந்தபோது ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். திடீரென்று முகம் மலர்ந்தது.

“இது எங்க வீட்டு இன்ஜினுல்ல? இந்தா இருமுதே.”

“ஆமாக்கா, அதேதான்.”

“இப்ப எந்தப் பக்கம் போறாரு?”

அது பதினாறு நாள் பழைய சத்தம். சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் நீளம், ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ஊமையாகிவிடும். படித்த பிள்ளை என்று ஒருத்தர் வாயைப் பிளந்து பார்க்கும் சுகம் என்னையும் விடவில்லை. “கிழக்க போறாரு” என்று சிரித்தேன். அன்றைக்கு அண்ணன் நிஜமாகவே கிழக்கே போயிருந்தார். அவ்வளவுதான், அறையில் உட்கார்ந்தபடியே கடலில் இருக்கும் அத்தனை படகையும் நான் கேட்கிறேன் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

விதைத்த வினையை நான் அறுத்தது ஒரு ஐப்பசி மாதத்தில்.

எங்கள் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு இழுவலை போடும் நாளில் கடலில் வலையை விட்டுவைத்தால் அது கந்தலாகிவிடும். அன்றைக்கு நாட்டுப்படகு நாள், மறுநாள் விசைப்படகு நாள். வாடைக்காற்று வலுத்திருந்தது, பாதிப் பேர் போகவில்லை. அண்ணனுடைய நண்டு வலை கடலுக்குள் கிடந்தது. “எடுத்துட்டு எட்டு மணிக்கெல்லாம் வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு விடியுமுன்னே தனியாளாகக் கிளம்பிப் போனார்.

எட்டு மணிக்கு வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. செல்போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பதினொரு மணிக்கு இரண்டு படகுகள் தேடப் போயின. பெரியவர்கள் கடலோரப் போலீசுக்குச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நீரையே பார்த்து நின்றார்கள். அறைக்குள் வந்து ஒரு வேலையும் ஓடாமல் பேட்டரிகளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அக்கா வந்தார். காலில் செருப்பில்லை. பின்னாலேயே நாலைந்து பெண்கள்.

“தங்கச்சி, அந்தக் காத வச்சு கேட்டுச் சொல்லு. எங்க இருக்காரு?”

காது கடலுக்கு அடியில் கிடக்கிறது, அது கேட்டதெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது, தூக்கினால்தான் தெரியும், இங்கே இருப்பது போன மாசத்துச் சத்தம். இதையெல்லாம் அந்த முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? “அக்கா, அது வந்து...” என்று இழுத்தேன்.

“அன்னைக்குக் கேட்டியே. எனக்கும் போட்டுக் காட்டுனியே. போட்டுப் பாரு.”

ஹெட்போனை மாட்டினேன். பழைய பதிவு ஒன்று ஓடியது. முதலில் வெறும் தண்ணீர். பிறகு தூரத்திலிருந்து அந்த இன்ஜின் வந்தது, நாலு அடி, ஐந்தாவதில் இருமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டார். பிறகு, “பசியோட வருவாரு, உலை வைக்கிறேன்” என்று வேகமாக வெளியே போனார்.

நான் கடைமடை வயல்காட்டுப் பெண். கல்லணையில் தண்ணீர் திறந்த சேதி வந்த நாளிலிருந்து, வாய்க்காலில் எங்களுக்கு மேலே இருக்கும் மாமாவுக்கு அப்பா போன் போட்டுக்கொண்டே இருப்பார். “தண்ணி எங்க வருது மாப்ள?” மாமா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: “எங்க மதகத் தாண்டிருச்சு, நாளைக்கு ஒங்க ஊருதான்.” வராது. வராது என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் போனை வைத்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வெட்டப் போய்விடுவார். மாமாவை நான் எத்தனை முறை புளுகர் என்று திட்டியிருக்கிறேன். மாமா சொன்ன பொய்க்கு நாலு நாள் தாமதமாகவாவது தண்ணீர் வந்துவிடும். நான் சொன்னது உயிர் விஷயம். படகு வராவிட்டால் அந்த அக்கா ஆயுசுக்கும் என்ன நினைப்பார்? மத்தியானம் வரைக்கும் உயிரோடு இருந்தார், அதற்குப் பிறகுதான் விட்டுவிட்டோம் என்றுதானே நினைப்பார்? பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பையில் இரண்டு சுடிதார் எடுத்தும் வைத்துவிட்டேன்.

அஞ்சு மணிக்கு அண்ணன் வந்தார். தேடிப் போன படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. உதடு வெடித்து, கண் சிவந்து, தண்ணீரில் இறங்க முடியாமல் இருந்தவரை இரண்டு பேர் தூக்கி இறக்கிவிட்டார்கள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“விடிகாலையிலயே தண்ணிக்கடியில இன்ஜின் காத்தாடியில வலை சுத்திக்கிச்சு,” என்றார் கூடியிருந்தவர்களிடம். “இன்ஜின் அப்பவே செத்துப்போச்சு. நாளு பூரா காத்து இழுத்த பக்கம்தான்.”

அக்கா சட்டென்று, “மத்தியானம் கேட்டுச்சே,” என்றார். “தங்கச்சி கேட்டுச்சே.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தது பக்கத்து வீட்டுப் பெண்.

பிறகு அந்தக் காதைத் தூக்கியபோது முதல் வேலையாக அந்த நாளைத்தான் கேட்டேன். விடியுமுன் இருமிக்கொண்டே இன்ஜின் கடந்து போனது. அப்புறம் அது இல்லை. நான் ‘கேக்குது’ என்று சொன்ன அந்த மத்தியானத்தை மெதுவாக்கி ஓட்டினேன். ஜிப் இழுக்கும் சத்தம், ஒன்றன்மேல் ஒன்றாக. படகுகள் குறைந்த கடலில் கடற்பன்றிகள் கூட்டமாக வந்து மேய்ந்துகொண்டிருந்திருக்கின்றன. சென்னையில் இருந்த என் மேலதிகாரி அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல நாள் இதுவரை கிடைத்ததில்லை என்று போனில் பாராட்டினார். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன்.

ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். கார்த்திகையில் இன்னொரு படகு நேரத்துக்குத் திரும்பவில்லை. என் அறைக்கு வந்தது அக்கா. அந்தப் படகுக்காரரின் மனைவியான சின்ன வயசுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

நான் எழுந்து, “அக்கா, உங்களுக்குத் தெரியும்ல, அது...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்,” என்றார் அக்கா தாழ்ந்த குரலில். மேஜையிலிருந்த ஹெட்போனை எடுத்து அவரே என் தலையில் மாட்டினார். “அன்னைக்கு நீ சொன்னதாலதான் என்னால அடுப்புக்கிட்ட நிக்க முடிஞ்சுது. சொல்லு.”

கம்ப்யூட்டரை இன்னும் திறக்கவே இல்லை. காதில் என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

“கேக்குதாங்க?” என்றது அந்தப் பெண்.

“கேக்குதும்மா.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைக்க ஓடினாள். அக்காவும் நானும் கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றோம்.