உறவுமுறை: மகன்

எனக்கு நாற்பத்தைந்து வயது, அவனுக்கு முப்பது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத் திருமணம் செய்துகொண்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் ஒரு கல்லூரியில் நூலகர். அவன் அதே கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குள் நான் அவனை 'நீ' என்பேன், அவன் என்னை 'நீங்க' என்பான். தெருவில் இறங்கினால் நானும் 'நீங்க' என்று மாற்றிக்கொள்வேன். அப்படியும் லஸ் முனைப் பூக்காரி, "அம்மாவுக்கு ஒரு முழம் வாங்கிக் குடு நைனா" என்பாள். இதையெல்லாம் அன்றன்றே டைரியில் எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்த காலம்.

அம்மா இறந்தபின் குடும்ப அட்டை என் பெயருக்கு மாறியிருந்தது. அதில் அவன் பெயரைச் சேர்க்கும் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். 'குடும்பத் தலைவருக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில் 'கணவர்' என்று எழுதினேன். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவன் ஊர் அட்டையிலிருந்து பெயர் நீக்கிய சான்றோடு சேர்த்து, அவனே ரேஷன் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தான்.

புது அட்டைகளை ரேஷன் கடைக்கே அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை காலை வாங்கப் போனேன். எனக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்கார மாமி பையோடு நின்றிருந்தார். கடைக்காரர் ஒவ்வோர் அட்டையையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

"தலைவி நீங்க. கூட உங்க மகன், வயசு முப்பது. பெரியவங்க ரெண்டு. எல்லாம் சரியா கீதான்னு பாத்துக்கோம்மா."

பார்த்தேன். நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், மகன் என்றிருந்தது. காது அடைத்துக்கொண்டது. கடைக்காரர் அடுத்த அட்டையைப் படிப்பது வாயசைவாக மட்டும் தெரிந்தது.

மாமி என் தோள் வழியே எட்டிப் பார்த்தார். "ஆத்துக்காரர்னு சொல்லிண்டுதானே குடி வந்தேள்? இதுல பிள்ளைன்னு போட்டிருக்கே. எது நிஜம்?"

"எழுதினவங்க தப்பு மாமி."

"சர்க்கார்ல இப்படியா எழுதுவா? திருத்திண்டு வாங்கோ, பாக்கறேன்."

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரேஷன் ஆபீசுக்குப் போனேன். அவனிடம் சொல்லவில்லை. சரி செய்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். குமாஸ்தா அலுப்போடு காகிதக் கட்டை அவிழ்த்து என் விண்ணப்பத்தை எடுத்துப் போட்டார்.

"நானா எழுதலம்மா. நீயே பாரு."

என் கையெழுத்தில் இருந்த 'கணவர்' சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே 'மகன்' என்றிருந்தது. அடித்தல் திருத்தத்துக்குப் பக்கத்தில் விண்ணப்பம் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். போடப்பட்டிருந்தது. அது அவனுடைய கையெழுத்து.

"இன்னாப்பா, அம்மா பேர்ல கார்டு கீது, புருஷன்னு எழுதிகினு வந்துகீற, தப்பா எழுதிட்டியான்னு கேட்டேன். ஆமா சார்னாரு. அப்போ சைன் போடுன்னேன். போட்டாரு. இதுல என் தப்பு இன்னா கீது?"

ஏழு மாதமாகப் பூக்காரியும் மாமியும் பஸ் கண்டக்டரும் சொன்னதெல்லாம் வெளியாட்கள் சொன்னது. இது வீட்டுக்குள்ளிருந்து வந்திருந்தது.

மாலை அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். மறுக்கவில்லை.

"வரிசையில முப்பது பேர் இருந்தாங்க. ரெண்டு வயசையும் சத்தமா படிச்சாரு. பின்னாடி சிரிச்சாங்க. உங்களைப் பத்திச் சிரிக்கறதை என்னால கேக்க முடியலை."

"என்னைப் பத்தியா, உன்னைப் பத்தியா?"

செருப்பை ஓரமாக நகர்த்திவிட்டு, "ரெண்டு பேரைப் பத்தியும்தான்" என்றான்.

"நாளைக்கு நீ என்கூட வர. நான் வாயைத் திறக்க மாட்டேன். அதே வரிசையில நின்னு நீதான் சொல்லணும். சொல்லலைன்னா நாம இந்த வீட்டுல எதுக்காகச் சேர்ந்து இருக்கோம்னு எனக்குத் தெரியலை."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். பின்னால் எண்ணவில்லை. முறை வந்தபோது அவன் தொண்டையைச் செருமினான். ஒரு கணம் திரும்பிப் போய்விடுவான் என்றே நினைத்தேன்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய் சார். இவங்க என் அம்மா இல்லை. என் சம்சாரம்."

வரிசையில் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண், "இன்னாடா கூத்து இது! நல்லா பாத்துச் சொல்லு நைனா" என்றாள். சிரிப்பு சுவர்வரை போய்த் திரும்பியது. அவன் காது மடல்கள் சிவந்தன. ஆனால் நகரவில்லை.

"அன்னிக்கு மகன்ன, இன்னிக்குப் புருஷன்ற. அடுத்த வாரம் இன்னா சொல்லுவ?" என்றார் குமாஸ்தா.

"இதேதான் சார் சொல்லுவேன்." திருமணப் பதிவுச் சான்றை எடுத்து மேசையில் வைத்தான்.

குமாஸ்தா இரண்டு முறை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தலைவி நீங்கதான். நீங்க ஒத்துக்கினாதான் நான் எழுத முடியும். இவரு யாரு உங்களுக்கு? வாயால சொல்லுங்கம்மா."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

எத்தனையோ படிவங்களில் அந்தச் சொல்லைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். மாமியிடம்கூட எழுதினவர்கள் தப்பு என்றுதான் சொன்னேன். இத்தனை பேர் எதிரில் அதை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மீன்காரப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையாட்டல் போதும் என்று என் கழுத்து அசையப் பார்த்தது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. முந்தைய மாலை என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவன் முகத்தில் பார்த்தேன்.

"என் கணவர்" என்றேன்.

"காதுல வுழல."

"என் கணவர்!"

கூவலாகவே வந்துவிட்டது. குமாஸ்தா சிவப்புப் பேனாவைத் திறந்தார். இருவரும் கையெழுத்துப் போட்டோம், அவன் முதலில். நான் போட்டது என் கையெழுத்து மாதிரியே இல்லை.