கழுவிக் கொடுத்த டேப்லெட்

பள்ளியில் கொடுத்த டேப்லெட்டைத் திருப்பித் தரவேண்டிய அன்று காலை, வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா இல்லை, இறந்து மூன்று மாதமாகியிருந்தது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அவர் மீன் ஏலம் கூறியதை வகுப்புக்காக அந்த டேப்லெட்டில் பதிவு செய்திருந்தேன்.

"எரவல் பாத்திரத்தக் கழுவாம குடுப்பாங்களா? எல்லாத்தயும் அழிச்சிட்டுக் குடுடா," என்றாள் அம்மா. "அப்பா கொரலு?"

"அது கிளவுடுல பத்திரமா இருக்கும்மா."

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அம்மா நம்பினாள். ஒன்றுவிடாமல் அழித்தேன்.

சில வாரம் கழித்து அந்தப் பதிவைக் கேட்டுப் போனபோது, "டேப்லெட்ல அழிச்சா கிளவுடுலயும் அழிஞ்சிடும்பா," என்றார் கணினி ஆசிரியர்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பா கொரலு எவ்ளோ நேரம்டா இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம், பதினோரு செகண்டும்மா."