கப்பல் பதினாறு, கோடரி பத்தொன்பது

எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் உண்டாக்கும் விளையாட்டில் எனக்குத் தோற்கவே பிடிக்காது. சீனன்குடாவில், துறைமுக எண்ணெய்த் தாங்கிகளுக்கு அருகே நாங்கள் எழுத்துவேலை பார்க்கும் கந்தோர். மதியச் சோற்றுக்குப் பிறகு நானும் கிண்ணியாவிலிருந்து வரும் சக எழுதுவினைஞரும் பலகையை விரிப்போம். என்னிலும் மூத்த முஸ்லிம், அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவேன். அவரை வெல்லவென்றே, வெள்ளைக்காரனே மறந்துபோன சொற்களைத் தேடிக் கொப்பியில் எழுதுவேன். ஸீபெக், ஸாக்ஸ், கனாத். எதிரே தமிழில் பொருள், பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கிடைக்கும் புள்ளி. கப்பல் 16. கோடரி 19. நிலத்தடிச் சுரங்கம் 14. எல்லாம் தலைக்கனம், வேறென்ன.

சண்டை தொடங்கி, குண்டுக்குப் பயந்து கந்தோர் வாசலில் எங்கள் பைகளைக் காவல்காரர்கள் கிளறத் தொடங்கியிருந்த காலம் அது. பாடமாக்கவென்று நானா அந்தக் கொப்பியை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலை வாசலில் எனக்கு முன்னால் நின்றார். காவல்காரன் கொப்பியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தமிழ் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டான். கப்பல் 16, சுரங்கம் 14 என்று அவன் வாசிக்க வாசிக்க, எங்கோ தாக்கப்போகிற திட்டம் போலவே எனக்கும் கேட்டது.

“ஆர் எழுதினது?”

நான் குனிந்து என் பையின் வாரைச் சரிசெய்தேன். நானா என் பக்கம் திரும்பவேயில்லை.

“நான்தான், சேர். இது விளையாட்டு. கந்தோரில டிக்சனரி இருக்கு. இந்தச் சொல்லெல்லாம் அதில இருக்கு.”

அவரைக் காவலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னைப் போகச் சொன்னார்கள். போனேன்.

அகராதி என் மேசை லாச்சியில்தான் கிடந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓட ஐந்து நிமிடம் போதும். ஆனால் போனால் என்னையும் எழுதச் சொல்லி, கொப்பியில் உள்ள கையெழுத்தோடு பொருத்திப் பார்ப்பார்களே! லாச்சியைத் திறந்தேன், மூடினேன். இந்தா போகிறேன், இந்தா போகிறேன் என்று சொல்லிக்கொண்டே கதிரையில் கிடந்தேன். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் யன்னலால் எட்டிப் பார்த்தேன். அவருக்கு நாலு பிள்ளைகள். அதுவும் எனக்குத் தெரியும். சீ, நானும் ஒரு மனிதன்!

மதியம் தாண்டித்தான் வந்தார். மேலதிகாரி ஒருவர் போய்ச் சொன்ன பிறகே விட்டார்களாம். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

“பயப்படாதீங்க தம்பி, உங்கட பேரைச் சொல்லேல்ல. கதவு திறக்கிற நேரமெல்லாம், டிக்சனரியோட நீங்கதான் வாறீங்க எண்டு எழும்பி எழும்பிப் பாத்தன்.”