முதுகில் ஒரு கை

அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்குச் சாலைகளில் வாலிபத்திலிருந்தே பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் ஆரின் டாலெஃப்சன். அந்த இஞ்சின் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஊருக்கே தெரியும், அவர் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். மற்றவர்கள்தான் முணுமுணுக்கிறார்கள் என்று சாதிப்பார். அப்படி ஒரு வீம்பு.

ஆனால் செப்டம்பரில் எல்க் மான் வேட்டைக்குக் கண்ணைவிடக் காதுதான் வேண்டும். ஆண் மான் எந்தப் பக்கம் கூவுகிறது என்று தெரிந்தால்தானே வில்லைத் திருப்ப முடியும்? ஆரினின் மனைவி வெர்னா தூரத்தில் பின்னால் ஒளிந்துகொண்டு, ஊதலில் பெண் மான் குரல் கொடுப்பார். அந்தக் குரலைத் தேடி வரும் கொம்பன் மான், நடுவில் இருக்கும் ஆரினைத் தாண்டித்தான் போக வேண்டும். கல்யாணமானதிலிருந்தே இப்படித்தான். இறைச்சி சுமக்க, அண்டை வீட்டுக்காரனான நான் என் கோவேறு கழுதையோடு கூடப் போவேன்.

இந்த வருஷ வேட்டையின் முதல் நாள், வலப்பக்கச் சரிவில் ஒரு கொம்பன் கூவியது. ஆரின் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மான் அவர் முதுகைப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. காற்று திரும்பி எங்கள் வாடை மானுக்கு எட்டிவிட்டது என்றார் ஆரின். வேட்டைக்காரனுக்கு வேறு சாக்கு ஏது? ஆனால் அன்று சாப்பிடும்போது, நாளையும் இப்படி ஆனால் வில்லை மருமகனிடம் கொடுத்துவிடப் போவதாகத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் விடியலில் வெர்னா ஊதலை என் கையில் திணித்தார்.

“இன்னிக்கு நீதான் பொம்பள மான். கேவலமா ஊதினாலும் பரவால்ல, நிறுத்திடாத.”

பிறகு முன்னால் போய், ஆரினுக்குப் பின்னே மண்டியிட்டு, அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தார். ஆரின் தோளைச் சிலுப்பிப் பார்த்தார். கை அசையவில்லை.

ஊதினேன். பதில் வந்தது. அடித்தொண்டையில் ஓர் உறுமல், அதிலிருந்து மேலே மேலே ஏறும் சீழ்க்கை. வெர்னாவின் கை வலத்தோளுக்கு நகர்ந்தது. ஆரின் வலப்பக்கம் திரும்பினார். மரங்களுக்கிடையே முதலில் கொம்புகள் வந்தன. பிறகுதான் மான் வந்தது. குதிரை உயரம் இருக்கும். ஆரினுக்கு மிக அருகில் நின்று இன்னொரு முறை கூவியது. எத்தனையோ முறை கேட்டவன்தான் நான். அன்றோ, இவ்வளவு பெரிய உயிருக்கு இவ்வளவு அழகான குரலா என்று மலைத்துப்போய் ஊதவும் மறந்தேன். ஆரின் உடம்பு ஒரு முறை அதிர்ந்ததைப் பார்த்தேன். பிறகு வில் வளைந்தது.

அம்பு விட்டபின் வழக்கப்படி அசையாமல் காத்திருந்து, ரத்தத் தடம் பிடித்துப் போனோம். மான் ஓடைக்கரையில் விழுந்து கிடந்தது. ஆரின் தொப்பியைக் கழற்றிவிட்டு, அதன் கழுத்தில் கை வைத்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“கேட்டுச்சு, வெர்னா. காதுல இல்ல, விலா எலும்புல.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்குக் காது போயிடுச்சு. அடுத்த வருஷமும் இப்படிப் பக்கத்துல இருப்பியா?”

வெர்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “வேற எங்க போகப் போறேன், கிழவா?”

“என்ன சொன்ன?”

வெர்னா திரும்பச் சொல்லவில்லை. அவர் முதுகில் கையை வைத்தார்.